பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஊரே லீவில் இருக்கும். எங்களுக்கு மட்டும் அன்றைக்குத்தான் உயிர் போகும். விஜயதசமிக்கு லீவு கேட்டு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று கம்பெனியில் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவார்கள்.

காரணம் சந்தனம். திருச்சியில் பெட்டி வைத்திருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் அதற்கும் சேர்த்துப் பூஜை போட்டுவிடுகிறார்கள். நியாயம்தான். பக்கவாதம் வந்து படுத்த மனிதரை எழுப்பி, நடக்கவைத்து, பேசவைக்கிற சாமானுக்குப் பொட்டு வைக்காமல், வருஷத்துக்கு ஒரு தடவை கையில் எடுக்கிற சுத்தியலுக்கா வைப்பார்கள்? வைக்கட்டும். மூடியின் மேல் வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவ்வளவு இடம் காலியாகக் கிடக்க, ஒயர் சொருகுகிற வாயைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே கொண்டுபோய் அப்புவார்கள். விடிவதற்குள் அது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும். பெட்டி கிளம்பாது. பெட்டி கிளம்பாவிட்டால் மனிதர் கிளம்ப மாட்டார். உடனே ஜெசிந்தாவுக்குப் போன் வரும். ஜெசிந்தா என்பது நான்.

பெட்டி என்பது நாங்கள் கூப்பிடுகிற பெயர். கம்பெனி வைத்த பெயர் நீளம், யார் வாயிலும் நுழையாது. ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். தோள்பட்டைக்குக் கீழே, நெஞ்சின் மேல்புறத்தில், ஒயர் சொருக ஒரு வாய் வைத்துத் தைத்திருப்பார்கள். அங்கிருந்து உள்ளுக்குள்ளேயே மூளைக்கு இணைப்பு போகிறது. மூளையில் செத்துப்போன பகுதியின் வேலையைப் பெட்டி செய்யும். ராத்திரி கழற்றிச் சார்ஜில் போட வேண்டும். காலையில் மாட்டிப் பட்டனை அமுக்கினால், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மாதிரியே தன்னைத் தானே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் ‘பீப்’ என்று சின்னதாக ஒரு சத்தம். மனிதர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். கோளாறு என்றால் நீளமும் குட்டையுமாக வேறு வேறு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு இன்ன நோவு என்று சொல்வதுதான் என் பிழைப்பு.

அன்றைக்குக் கருமண்டபம் போய்ச் சேர்ந்தபோது எனக்கு அலுத்துப்போயிருந்தது. உறையூரில் சந்தனம், புத்தூரில் விபூதி, தில்லை நகரில் பெட்டி மேல் எலுமிச்சம்பழத்தையே பிழிந்திருந்தார்கள். எல்லா இடத்திலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழி ரப்பரால் தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரல் மரத்துவிட்டது. ரப்பரை விட நல்ல மருந்து இந்த வேலையில் இன்னும் வரவில்லை. முழங்கால் வேறு வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பெயர் இளவரசி. காலையிலிருந்து பதறிக் களைத்த முகம்.

“வாம்மா, வாம்மா. காலைலேருந்து கூப்புட்டுக் கூப்புட்டு என் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. மனுஷர் கண்ணைத் தொறந்துக்கிட்டு ஃபேனையே பாத்துக்கிட்டிருக்காரு.”

“ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணீங்களா?”

“பண்ணேன். மொதல்ல பெட்டிக்காரங்க பாக்கட்டும்னுட்டாங்க.”

எப்போதும் இதுதான். நாங்கள் டாக்டரைக் கேள் என்போம், அவர்கள் எங்களைக் கேள் என்பார்கள்.

அவள் கணவர் மாசிலாமணி கட்டிலில் மல்லாந்து கிடந்தார். பஸ்ஸில் டிக்கெட் சோதிக்கும் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையரானவர். அந்த உத்தியோகத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த முகம். படுத்திருந்தாலும் நம்மிடம் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்கிற முகம். விரலைக் கண்ணுக்கு முன்னால் நீட்டி அசைத்தேன். கண் விரலோடு கூடவே வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பெட்டி பக்கத்து மேசையில் இருந்தது. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம், சுற்றி ஒரு முழம் கதம்பம்.

“ஒயர் வாயில வெச்சீங்களாம்மா?”

“ஐயோ, இல்லம்மா. மேலதான் வெச்சேன். போன வருஷம் ஒரு பையன் வந்து திட்டிட்டுப் போனான்ல.”

உண்மைதான். ஒயர் வாய் சுத்தமாக இருந்தது. இருந்தாலும் பழக்க தோஷத்தில் ஒருமுறை தேய்த்தேன். மாட்டி அமுக்கினேன். மூன்று நீளச் சத்தம். சார்ஜைப் பார்த்தேன், முழுசாக இருந்தது. என் பையிலிருந்த புது ஒயரை மாற்றினேன். மூன்று நீளச் சத்தம்.

இதற்கு மேல் குறுக்கு வழி கிடையாது. எங்கள் வேலையின் வேதம் ஒன்றுதான். எல்லாவற்றையும் கழற்று, எது இல்லாமல் கிளம்பவே கிளம்பாதோ அதை மட்டும் வை, பிறகு ஒன்றொன்றாக மாட்டு, எதை மாட்டும்போது படுக்கிறதோ அதுதான் திருடன். நான் தரையில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன். நினைவுப் பட்டைகளைக் கழற்றி என் பையிலிருந்த புதுப் பட்டையைப் போட்டேன். விசிறியை மாற்றினேன். பெட்டி ஒவ்வொரு கட்டமாகச் சரி, சரி என்று பச்சை காட்டிக்கொண்டே வந்து, கடைசிக் கட்டத்தில் நின்று மூன்று தடவை நீளமாகக் கத்தியது. அவருடைய பட்டைகளைத் திரும்பப் போட்டேன். அதே கடைசிக் கட்டம், அதே சத்தம். பெட்டியில் ஒரு திருடனும் இல்லை.

அந்த மூன்று நீளச் சத்தத்தை நான் பயிற்சி வகுப்பில்தான் கேட்டிருக்கிறேன். சோதனை எல்லாம் முடிந்த பிறகு பெட்டி மூளையைக் கூப்பிடும். மூளை பதில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மற்றது. மூன்று நீளச் சத்தம் என்றால், கூப்பிட்டேன், அந்தப் பக்கம் பதில் இல்லை என்று அர்த்தம்.

அப்போதுதான் பெட்டியின் சின்னத் திரையில் தேதியைக் கவனித்தேன். பெட்டி தயாரான வருஷத்து ஜனவரி முதல் தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா, இதை நீங்க தொறந்தீங்களா?”

இளவரசி அம்மா முந்தானையைத் திருகினாள். “தப்பாம்மா?”

“தொறந்து என்ன பண்ணீங்க?”

“அவருக்கு ஆயுத பூஜைன்னா எல்லாத்தையும் பிரிச்சுக் கழுவணும்மா. டிப்போவுல அப்படித்தானாம், பஸ்ஸுல ஒரு திருகாணி விடாம தொடைப்பாங்களாம். வீட்டுலயும் மிக்ஸி, கத்திரிக்கோல், டார்ச் லைட்டு, எல்லாம் பிரிச்சு வெக்கணும். முன்னல்லாம் ஒண்ணு விட்டாலும் கத்துவாரு, அந்தப் பழக்கம் எனக்கு விடல. இந்தப் பெட்டிதானே நமக்கு அதிகமா உழைக்குதுன்னு நேத்து ராத்திரி கழட்டினதும் மூடியத் தொறந்தேன். உள்ள ஒரு ரூவாக் காசு மாதிரி வட்டமா ஒண்ணு இருந்துச்சு. கருத்துக் கிடந்துச்சு. ஊக்கால நெம்பி எடுத்து...”

“எடுத்து?”

“புளி போட்டு வெளக்கினேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் பேட்டரியைப் புளி போட்டு விளக்கிய ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன். வெளியே எடுத்துப் பார்த்தேன், சொம்பு மாதிரி பளபளத்தது. அதன் மேலும் ஒரு குட்டிப் பொட்டு.

அது காசு பேட்டரி. பெட்டி அணைந்திருக்கும்போது தேதியையும், நாம் மாற்றி வைத்த செட்டிங்குகளையும் மறக்காமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். அதைக் கழற்றினால் பெட்டி கம்பெனியிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். பழைய கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஆனால் பெட்டி கம்பெனி செட்டிங்கில் ஓடினாலும் கிளம்பத்தானே வேண்டும்? எந்தச் செட்டிங் போனதால் இவர் பதில் சொல்ல மறுக்கிறார்? எனக்குப் புரியவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டேன். கை இரண்டிலும் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள் காரியம்.

என் மேலதிகாரி கிருபாகரன் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் தூங்கி நான் பார்த்ததில்லை.

“சொல்லுங்க ஜெசி மேடம். கருமண்டபம் முடிஞ்சுதா? அரியமங்கலத்துல ரெண்டு பேர் கத்திக்கிட்டிருக்காங்க.”

விஷயத்தைச் சொன்னேன்.

“பேட்டரியக் கழட்டிட்டாங்களா? அப்ப வேகத் தொடக்கம் ஆஃப் ஆயிருக்கும் மேடம். ஆன் பண்ணிட்டுக் கெளம்புங்க.”

“சார், வேகத் தொடக்கம்ங்கறது சோதனைய சீக்கிரம் முடிக்கறதுதானே? இங்க சோதனையெல்லாம் முடிஞ்சிருச்சு. பதில்தான் வரலை.”

“அதேதான். பதிலுக்கு நிக்காது. நேரா ஓட ஆரம்பிச்சுரும்.”

“பதில் வராம எப்படி சார் ஓடும்?”

“பெட்டியே பாத்துக்கும் மேடம். அவர் பழைய பேச்சு, நடை எல்லாம் கொஞ்சம் பதிவுல இருக்கும். மீதிய கம்பெனி நிரப்பிரும். பொதுவா நல்லபடியாதான் பேசும். இதுவரைக்கும் ஒருத்தர்கூட கம்ப்ளைண்ட் பண்ணதில்ல.”

“அப்பப் பேசறது யாரு?”

அந்தப் பக்கம் கிருபா பெருமூச்சு விட்டான். “மேடம், மொதல்ல எல்லார் வீட்லயும் காலைல கெளம்ப லேட்டாவுது லேட்டாவுதுன்னு ஒரே புகார். நம்ம கம்பெனிக்கு அவங்க போடற மார்க்கெல்லாம் கொறஞ்சிருச்சு. அதுக்கப்பறம்தான் மேலேருந்து சொன்னாங்க, மெதுவா கெளம்பற எல்லாருக்கும் இதைப் போட்டுருங்கன்னு. நீங்களும்தான் போடறீங்க.”

போடுகிறேன்தான். அன்று காலையில் இரண்டு வீட்டில் போட்டுவிட்டு வந்திருந்தேன். கம்ப்யூட்டரில் நினைவுச் சோதனையைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு சௌகரியம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“பகல்ல அவர் பதில் சொன்னா, பெட்டி வழி விடுமா?”

“விடாது. ஒரு தடவை தானா ஓட ஆரம்பிச்சா, ராத்திரி கழட்டற வரைக்கும் அதுதான். மேடம், அரியமங்கலம்...”

நான் போனை அணைத்தேன். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது, அதையும் ஸ்பீக்கரில் கிளப்பியிருக்கிறேன்.

இளவரசி அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை, அழவில்லை.

“பெட்டி வெச்சதுக்கப்பறம் இவரு ரொம்ப மாறிட்டாரும்மா. வாதம் வந்தா கொணம் மாறும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நானும் சரி, சாமி அடிச்சதுல ஒரு நல்லதும் பண்ணிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். ரசம் நல்லா இருக்குன்னுவாரு. நான் சீரியல் பாத்தா கூட உக்காந்து பாப்பாரு. நான் சாப்புட்டனான்னு கேப்பாரு. கல்யாணமான நாள்லேருந்து அந்த ஒரு கேள்விய இவர் வாய்லேருந்து நான் கேட்டதில்ல.”

“முன்னாடி எப்படி?”

“முன்னாடியா? பஸ்ஸுல பண்ண வேலையத்தான் வீட்லயும் பண்ணாரு. நான் என்னவோ டிக்கெட் எடுக்காம ஏறிட்ட மாதிரி.” அவள் கணவரின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள். கையை எடுக்காமலே கேட்டாள். “அப்ப ரெண்டு வருஷமா எங்கூட இருந்தது யாரும்மா?”

நான் சோப்பு டப்பாவைத் துண்டின் மேல் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

“ராத்திரி பெட்டியக் கழட்டினா கண்ணுலேருந்து தண்ணியா கொட்டும்மா. கண் வறட்சின்னாங்க. சொட்டு மருந்து குடுத்தாங்க. தினமும் நான்தான் விடுவேன்.”

கட்டிலில் கிடந்தவரின் கண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அம்மா, ரெண்டு வழி இருக்கு,” என்றேன். “அந்த வேகத் தொடக்கத்தைப் போட்டா இப்பவே எழுந்து உக்காந்துருவாரு, நேத்து இருந்த மாதிரியே. போடலைன்னா, இவரா பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கணும். சொல்லுவாரா, எப்ப சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாது. சொல்லாமலே போனாலும் போகலாம்.”

அவள் யோசித்தாள். அவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. போட்டால் ரசத்தைப் பாராட்டுகிறவர் எழுந்து வருவார். காத்திருந்தால் யார் வருவார் என்றே தெரியாது, வராமலும் போகலாம்.

“ஒருத்தரைக் கூப்புட்டுட்டு, அவர் பதில் சொல்றதுக்குள்ள நாம பாட்டுக்குப் போயிட்டா, அது மரியாதையாம்மா?” என்றாள். “காத்திருப்போம்.”

மறுபடி அமுக்கினேன். பச்சை, பச்சை, பச்சை, மூன்று நீளச் சத்தம். மறுபடி. மறுபடி. இளவரசி அம்மா எழுந்துபோய் உப்புமா கிளறிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். இந்த நிலையிலும் வீட்டுக்கு வந்தவளைப் பட்டினி போட அவளுக்கு மனசில்லை. எனக்கு இறங்கவில்லை. கிருபா கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், நான் எடுக்கவில்லை.

நாலாவதோ ஐந்தாவதோ தடவை அமுக்கும்போதுதான் எனக்குச் சிங்காரத்தோப்புக் கடை நினைவுக்கு வந்தது. வேலைக்கு வந்த புதிதில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தேன். சில பழைய மெஷின் காலையில் முதல் தடவை போட்டால் ‘ஹார்ட் டிஸ்க் இல்லை’ என்று அடம் பிடிக்கும். இரண்டாம் தடவை போட்டால் சமர்த்தாகக் கிளம்பும். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது. வயதான டிஸ்க், குளிரில் அது சுற்றி வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் மெஷினுக்குப் பொறுமை போய்விடும். அதற்கு மருந்து டிஸ்க்கை மாற்றுவது இல்லை. செட்டிங்கில் போய், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைப்போம். அவ்வளவுதான்.

பெட்டியின் செட்டிங்கைத் திறந்து தேடினேன். யாரும் தொடாத ஒரு மூலையில் அது இருந்தது. ‘பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்.’ கம்பெனி வைத்திருந்தது கண் இமைத்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். அதைக் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டேன். அமுக்கினேன்.

பச்சை, பச்சை, பச்சை. பிறகு ஒன்றுமில்லை. சத்தமே இல்லை. பெட்டி காத்திருந்தது.

“ஏங்க,” என்றாள் இளவரசி அம்மா, மெதுவாக. “அவசரமில்ல.”

தெருவில் ஒரு காய்கறி வண்டி கத்திக்கொண்டே வந்து, நின்று, வியாபாரம் முடித்து, கத்திக்கொண்டே போய்விட்டது. என் முன்னால் இருந்த உப்புமா ஆறிப்போனது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. பாரம் ஏற்றிய மாட்டு வண்டியை மேட்டில் தள்ளுகிற ஆளுக்குப் புடைக்குமே, அப்படி.

பீப்.

ஒரே ஒரு சின்னச் சத்தம். ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் பதில் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே பெட்டி கிளம்பிப் போயிருக்கிறது.

மாசிலாமணியின் உதடு கோணிற்று. சொல் ஒவ்வொன்றும் கிணற்று அடியிலிருந்து வாளி வருவது போல வந்தது.

“அவன்... போயிட்டானா?”

இளவரசி அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “காபி போட்டுக் கொண்டாறேன்,” என்று சொல்லி அடுப்படிக்கு ஓடிவிட்டாள். அங்கே பாத்திரம் எதுவும் உருளும் சத்தம் கேட்கவில்லை.

நான் அவரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன்.

“சார், உங்களுக்கு எல்லாம் கேட்டுச்சா? இத்தனை நாளும்?”

“பக்கத்து... ரூம்ல... பேசற மாதிரி.”

“கடவுளே.”

அவர் என் கையைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினார். நான் காதை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

“அவனையே... திரும்ப... போட்டுரும்மா.”

“சார்?”

“அவன்கூட... அவ சிரிக்கறா. எங்கிட்ட... சிரிச்சதில்ல.” மூச்சு வாங்கினார். “இருந்துட்டுப் போட்டும். நான்... கேட்டுக்கிட்டுக் கெடக்கறேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கிருபா மேலா, மேலிருந்து சொன்னவர்கள் மேலா, வாழ்நாள் முழுக்கக் கண்டிப்பாக இருந்துவிட்டு இப்போது இப்படி ஒரு பெருந்தன்மையைக் காட்டுகிற இந்தக் கிழவர் மேலா, காலையில் இரண்டு வீட்டில் யோசிக்காமல் விரலை வைத்த என் மேலா. சாயங்காலம் அந்த இரண்டு வீட்டுக்கும் திரும்பிப் போய் அதை எடுத்துவிட வேண்டும், கிருபா வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்று முடிவு செய்தேன். செட்டிங் என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. “பாக்கலாம் சார்,” என்று மழுப்பிவிட்டுச் சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டேன்.

காபி வந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. நான் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஸ்கூட்டரில் சாவியைப் போடும்போது பின்னாலேயே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டியே?”

“கேளுங்கம்மா.”

“அதைத் திருப்பிப் போட முடியுமா?” அவள் என்னைப் பார்க்காமல் கேட்டின் துருவைச் சுரண்டினாள். “நான்தான் காத்திருப்போம்னு சொன்னேன். இல்லேங்கல. அவருக்குப் பேச எவ்வளவு கஷ்டமா இருக்கு, பாத்தேல்ல? அதுக்காகத்தான் கேக்கறேன்னு சொல்லலாம். ஆனா அது பொய்யி. எனக்குப் பழையபடி அந்த மொகத்துக்குப் பயந்துக்கிட்டு இருக்கத் தெம்பு இல்லம்மா. அந்த மனுஷன் பெட்டியோ, என்ன எழவோ, ரெண்டு வருஷம் எங்கிட்ட மனுஷனா இருந்தான்.”

அவள் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அதுதான் கொடுமை. களைப்பில் நிற்க முடியாமல் ஸ்கூட்டர் சீட்டில் சாய்ந்துகொண்டேன். இரண்டு பேரும் ஒரே வரத்தைக் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டுப் போனால் எனக்கு அரியமங்கலம் போக நேரம் இருக்கும், நாளைக்கு யாரும் புகார் சொல்லப் போவதும் இல்லை.

“அம்மா, உள்ள அவரும் இதையேதான் எங்கிட்ட கேட்டாரு.”

“எதை?”

“அவனைத் திருப்பிப் போடச் சொல்லி. அவன்கூட இருக்கறப்ப நீங்க சிரிக்கறீங்களாம். தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கறேன்னாரு.”

இளவரசி அம்மாவின் கை கேட்டிலிருந்து நழுவியது.

“கேட்டுக்கிட்டா? இத்தனை நாளும் காது கேட்டுச்சா அவருக்கு?”

“எல்லாம் கேட்டுச்சாம்.”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. “ஐயையோ. நான் அந்த ஆள்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டனேம்மா. இவரு பண்ணதையெல்லாம். எங்கப்பா செத்தப்ப என்னை அனுப்பாதது. புள்ளை பொறந்து தங்காமப் போனப்ப ஒரு வார்த்தை பேசாதது. அவன் நல்லாத்தான் கேட்டுக்குவான், தலையாட்டுவான், அதனால தெனமும் ஒண்ணொண்ணா... இவரைப் பத்தி இவர் மொகத்தைப் பாத்தே சொல்லிருக்கேன்.”

அவள் திரும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்பது பாவம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சமயத்தில் ஸ்கூட்டரைக் கிளப்பிச் சத்தம் போடுவது அதைவிடப் பாவமாகப் பட்டது.

“நான் சொன்னதெல்லாம் கேட்டீங்களா?” அவள் குரல்.

வெகுநேரம் சத்தமில்லை.

“கேட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

இந்தத் தடவை அதைவிட நேரமாயிற்று. பதில் வராதோ என்றுகூட நினைத்தேன்.

“எல்லாம்... நெசந்தான்.”

அவள் அழுதாளோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இழுபட்டது.

“இன்னும் இருக்கு,” என்றாள். “சொல்லட்டுமா?”

பதில் வர நேரமாயிற்று. தெருவில் யாரோ ஒருவர் பூசணிக்காய் உடைத்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். என் போன் பையில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. இளவரசி அம்மா இரண்டாம் தடவை கேட்கவில்லை.